ஏறும்போதும் சுட்ட பிரேக்

போடிமெட்டுக்குத் தினமும் ஏறி இறங்கினால் வண்டியில் ஏதாவது ஒன்று முனகத்தான் செய்யும். எங்கள் பைக்கில் பின் பிரேக் சுட்டது. வளைவுகளில் கருகல் வாடை வரும். மிதித்தால் சரியாகப் பிடிக்காது. வீட்டுக்காரர் மெக்கானிக்கிடம் போய் பிரேக் நட்டை இறுக்கிக்கொண்டு வருவார். மறுநாள் இன்னும் சுடும்.

மேலே ஏலத்தோட்டத்தில் அவருக்குக் கணக்கு வேலை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். இருவரும் ஒரே வண்டியில்தான் போவோம். காய்ச்சலில் நான் லீவு போட்ட ஒரு நாள் தனியாகப் போய் வந்தவர், வாசலிலேயே தன் கண்டுபிடிப்பைச் சொன்னார்.

"இன்னைக்கு பிரேக் சுடவே இல்ல. ஒன்னய ஏத்துனாத்தான் சுடுது. பேசாம வேலைய விட்டுரு. மலையில ரெண்டு பேரும் விழுந்து சாகவா?"

பயத்தில் சொன்னார், தெரியும். அதற்காக? நகத்தால் கிள்ள வேண்டியதற்குக் கோடாலியா? வண்டியில் இத்தனை சாமான் இருக்க, கழற்றிப் போட நான்தான் அகப்பட்டேனா? திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் சொல்லிவிடு என்று நாளும் குறித்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மேலே போய் இறங்கியதும் பின்சக்கரத்தின் நடுவிலிருக்கும் பிரேக் டிரம்மைத் தொட்டேன். விரல் பொசுங்கியது. மலை ஏறும்போது யார் பிரேக் பிடிக்கிறார்கள்?

சனிக்கிழமை மெக்கானிக் கடைக்கு நானும் கூடவே போனேன். மெக்கானிக் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைச் சுழற்றினார். ஜோராகச் சுற்றியது.

"மலையெறக்கம்னா சூடாகத்தான் செய்யும், டீச்சர்."

"ஏறயிலயே சுடுதுண்ணே. ஸ்டாண்டுல நிக்கிற வண்டிக்கு என்ன தெரியும்? இவுக ஒக்காரட்டும், நானும் ஏறுறேன். அப்பறம் தள்ளிப் பாருங்க."

ஏறி உட்கார்ந்தோம். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மெக்கானிக் பின்னாலிருந்து தள்ளினார். வண்டி அசைய மறுத்தது. குனிந்து பிரேக் மிதியை விரலால் அழுத்தினார். இம்மியும் ஆட்டமில்லை.

"ரெண்டு ஆளு ஏறுனதும் பின்பக்கம் தாழ்ந்து பிரேக் கம்பிய இழுக்குது. மிதிக்காமலே பிடிச்சுக்கிட்டு இருக்கு. நான் வேற இறுக்கி இறுக்கி விட்டிருக்கேன்."

கருகிப்போன பிரேக் ஷூவை மாற்றி, எங்களை மறுபடி உட்காரவைத்து, மிதி கொஞ்சம் ஆடும்வரை நட்டைத் தளர்த்தினார்.

திங்கட்கிழமை வழியெல்லாம் என் மூக்கு அந்த வாடையையே தேடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் வீட்டுக்காரர் கையைப் பிடித்து டிரம்மின் மேல் வைத்தேன்.

"சுடுதா?"

"இல்ல."

"அப்ப சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க. இங்கனதான் நிப்பேன்."