சந்திரகலாவின் இடது காது

சந்திரகலாவை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பழக்கியவள் நான். பர் துபாயில் அனந்தகிருஷ்ணனின் அப்பா பக்கவாதத்தில் படுத்ததும் அவளைத்தான் அனுப்பினேன். அவளுக்கு இடது காது கேட்காது. வீட்டாருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்தாள். வேலையில் குறை இல்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் எங்கோ வெளிநாட்டில் போலீஸ்காரன் ஒருவன் வெள்ளைக்காரப் பெண்ணைத் தரையில் தள்ளும் வீடியோ வந்தது. அனந்தகிருஷ்ணனின் மனைவி தாமரை காலைச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாள். “பாவி, அவள என்ன பண்ணிட்டான் பாரு!” ஸ்டேட்டஸிலும் போட்டாள்.

அடுத்த வாரம் இன்னொரு வீடியோ. அதே நாடு, அதே சீருடை. முடியைப் பிடித்து இழுக்கப்பட்டவள் கறுப்பினப் பெண்.

“இவ என்ன பண்ணித் தொலைச்சாளோ,” என்றாள் தாமரை. “சும்மா இருந்தா போலீஸ் ஏன் கை வைக்குது?”

அன்று சந்திரகலாவுக்கு உட்கார முடியவில்லை. பெரியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டினால் போதும். இவள் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டினாள். விரிப்பை இரண்டு தடவை மாற்றினாள்.

“நான் என்ன தோசையாம்மா?” என்று குழறினார் அவர்.

நேரே சமையலறைக்குப் போனாள்.

“மேடம், வெள்ளைக்காரிக்கு ‘என்ன பண்ணிட்டான்’னீங்க. இவளுக்கு மட்டும் ‘என்ன பண்ணினாளோ’ங்கிறீங்க.”

“ஐயோ சந்திரா, அந்த ஆளுங்க கொஞ்சம் முரடு. உனக்குத் தெரியாது.”

“எனக்கு இந்தக் காது கேக்காது மேடம். கட்டிக்கிட்டுப் போன ஊர்ல, போலீஸ் ஸ்டேஷன்ல வச்சு அறைஞ்சாங்க.”

தாமரை அடுப்பை அணைத்தாள். “அடிப்பாவி! நீ என்ன பண்ணின?”

“புருசன் அடிக்கிறான்னு புகார் குடுக்கப் போனேன்.”

அன்று மாலையே தாமரை எனக்குப் போன் செய்தாள். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ரெண்டு காதும் கேக்குற ஆளா அனுப்புங்க. மாமா கூப்பிட்டா கேக்கணுமில்ல?”

பதினான்கு மாதத்தில் அவர் கூப்பிட்டு இவள் வராத ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றேன். ஆனாலும் ஆளை மாற்றத்தான் சொன்னாள். மாற்றினேன்.

இப்போது சந்திரகலா ஷார்ஜாவில் வேறொரு வீட்டில் இருக்கிறாள். போன முதல் நாளே காதைப் பற்றிச் சொன்னாள், அது எப்படிப் போனது என்பதையும் சேர்த்து. அந்த வீட்டம்மா கேட்டது, விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையும் டியூட்டிக்கு வர முடியுமா என்பது மட்டும்தான். வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.