விடிகாலையில் மட்டும் மிஸ்ஸிங்

எங்கள் லாரிக்கு வந்த வியாதி விடிகாலையில் மட்டும்தான் வரும். மீமிசலில் மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது எஞ்சின் இருமும், குலுங்கும், ஒரு பிளக்கில் நெருப்பு விழாமல் நொண்டும். அறந்தாங்கியைத் தாண்டிவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். புதுக்கோட்டையில் மெக்கானிக் பானெட்டைத் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "வண்டிக்கு ஒண்ணுமில்ல, ஒங்களுக்குத்தான் என்னமோ" என்று சிரிப்பார். அந்த ஆளை ஸ்பேனரால் அடிக்காமல் திரும்பி வந்தேனே என்று என்னை நானே மெச்சிக்கொள்வதுண்டு.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பட்டாளத்தார் ஏலம் விட்ட பெட்ரோல் லாரி அது. என் அக்கா மாப்பிள்ளையும் நானும் கூட்டாக எடுத்தோம். அக்காவை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். மச்சான் கரையில் நின்று மீனை ஏலத்தில் எடுப்பார், நான் ஓட்டிக்கொண்டு போவேன். ஐஸ் கிடைக்காத காலம். வெயில் ஏறும் முன் சந்தையில் இறக்காவிட்டால் கருவாட்டுக்குக்கூட ஆகாது. வண்டி நொண்டிய நாளில் பாதிச் சரக்கை வழியிலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மச்சான் கல்யாணத்துக்கு முன் பினாங்கில் ஒரு கடையில் நின்றவர். அங்கிருந்து இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி மக்கர் செய்த நாளெல்லாம் அவர் திண்ணமாக எதுவும் சொல்லமாட்டார். சோற்றைப் பிசைந்தபடி, "அங்கிட்டு போனா பொழைக்கலாம்" என்பார். கடல் தாண்டிப் போவதை எங்கள் ஊரில் சபர் என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தாலே ராத்தாவின் முகம் வெளுத்துவிடும். எங்களைப் பெற்ற அத்தா பர்மாவுக்கு சபர் போனவர். சண்டை வந்தபோது அங்கிருந்து சிலர் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள், அத்தா வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே எங்கள் உம்மா கண்ணை மூடினாள். தன் வீட்டிலும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் ராத்தாவை ராப்பகலாக அரித்தது. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அந்த வண்டிய எப்படியாச்சும் ஓட வச்சிருடா. வண்டி நின்னா மனுசன் கப்பல் ஏறிடுவாரு" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அதனால் எஞ்சினோடு மல்லுக்கட்டினேன். மரப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு பிளக்கின் தலையையும் இரும்போடு தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். தொட்டதும் எஞ்சின் சத்தம் இறங்கினால் அந்த பிளக் வேலை செய்கிறது, இறங்காவிட்டால் அதுதான் செத்தது. கொடுமை என்னவென்றால் ஒருநாள் முன்னால் இருக்கிற பிளக் செத்திருக்கும், மறுநாள் அது ஜோராக அடிக்கும், கடைசியில் இருக்கிறது செத்திருக்கும். எத்தனை தடவை கை வழுக்கி ஷாக் வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. பாயிண்டைத் தேய்த்தேன். கண்டென்சரை மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பெட்ரோலை மான் தோலில் வடிகட்டினேன். காலையில் பானெட்டுக்குள் ஈரம் தெரிந்ததுண்டு. கடலோரத்தில் எது ஈரமாக இருந்தாலும் பனி என்றுதான் புத்தி சொல்லும். பானெட்டின் மேல் சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். சாக்கு காய்ந்திருந்தது, உள்ளே எஞ்சின் மட்டும் நனைந்து நொண்டியது.

அப்போதுதான் சந்தேகம் வந்தது. பனிக்கு சாக்கைத் தூக்கத் தெரியாது. ஜெகதாப்பட்டினத்தில் எங்களுக்குப் போட்டியாக லாரி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். எவனோ வந்து கைவரிசை காட்டுகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். கோபம் வந்தால் நான் மனுஷனே இல்லை. மறுநாள் இருட்டோடு சுபுஹு பாங்கு சொன்னதும் ராத்தா வீட்டுக் கொல்லைக்குப் போய், அங்கே நின்ற லாரிக்கு அடியில் ஜாக்கி கம்பியோடு படுத்துக்கொண்டேன். வருகிறவனின் காலை உடைத்துவிடுவது என்றுதான் இருந்தேன்.

வெளிச்சம் லேசாகப் பரவும் நேரத்தில் இரண்டு கால்கள் வந்தன. முன்பக்கம் நின்றன. பிறகு பம்பர் மேல் ஏறிவிட்டன. சாக்கை விலக்கும் சத்தம், பானெட்டைத் தூக்கும் சத்தம். அடுத்து என் நெற்றியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கம்பியை ஓங்கியபடி வெளியே புரண்டு எழுந்தேன்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் செம்போடு பம்பர் மேல் நின்றது ராத்தா.

ஓங்கிய கை அப்படியே நின்றது. இன்னும் ஒரு விநாடி முந்தியிருந்தால் அந்தக் கம்பி யார் மேல் இறங்கியிருக்கும் என்று நினைத்துக் கம்பியைத் தரையில் போட்டேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள். செம்பை மட்டும் விடவில்லை.

"என்ன ராத்தா பண்ற?"

"சத்தம் போடாதடா, அவரு உள்ள தொழுதுக்கிட்டிருக்காரு. ஓதுன தண்ணி."

எங்கள் பள்ளிவாசலில் அந்தியில் மஃரிப் தொழுகை முடிந்து வருகிறவர்களுக்காகப் பெண்கள் வாசலில் செம்பில் தண்ணீரோடு நிற்பார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இந்து வீட்டுப் பெண்களும் வந்து நிற்பார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, தண்ணீரில் ஊதிவிட்டுப் போவார்கள். ராத்தாவும் நாள் தவறாமல் அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். அந்தத் தண்ணீரைக் கால் படும் இடத்தில் ஊற்றக் கூடாது. சக்கரத்தில் தெளித்தால் மண்ணுக்குப் போகும், மிதிபடும். ஆகவே பிள்ளைக்கு உச்சந்தலையில் வைப்பது போல, வண்டியின் உச்சந்தலை எது என்று தேடிக் கண்டுபிடித்து, எஞ்சின் மேல் கைகையாக ஊற்றியிருக்கிறாள். பிளக் எல்லாம் தலைமேல் குத்திட்டு நிற்கிற பழைய எஞ்சின் அது. பிளக்கைச் சுற்றிச் சின்னச் சின்னப் பள்ளம் இருக்கும். தண்ணீர் அதில் தேங்கியதும் நெருப்பு பிளக்கின் நுனிக்குப் போகாமல் ஈரத்தின் வழியே இரும்புக்குள் ஓடிப்போகும். எஞ்சின் சூடேறி அறந்தாங்கி வருவதற்குள் எல்லாம் காய்ந்துவிடும். வண்டி நொண்ட நொண்ட, கண்ணேறு போகவில்லை என்று இவள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றியிருக்கிறாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கத்த வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"தண்ணி மேல ஒரு குத்தமும் இல்ல ராத்தா. இந்த எஞ்சினுக்குத் தலையில ஈரம் ஆகாது. இனிமே ஊத்தாத. மச்சான் போகாம நான் பாத்துக்கிறேன்."

"நெசமாவாடா?"

"நெசமா."

மீதித் தண்ணீரை அவள் குடித்துவிட்டு, செம்பைக் கவிழ்த்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மச்சானிடம் இருவருமே மூச்சுவிடவில்லை. பிளக்கை எல்லாம் துடைத்து மாட்டினேன். மறுநாள் காலையில் ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்தது. வெயிலுக்கு முன்னால் சந்தைக்குப் போய் நின்றோம். அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்த மாதம் முழுக்க ஒரு கூடை மீன்கூடக் கெடவில்லை. புதுக்கோட்டையில் மெக்கானிக்கைப் பார்த்தபோது நான் வேண்டுமென்றே ஹாரனை அடித்துக்கொண்டு போனேன்.

நோன்புப் பெருநாள் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மச்சானும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ராத்தா பரிமாறிக்கொண்டிருந்தாள். மச்சான் கையைக் கழுவிவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் மலரச் சொன்னார்.

"மாப்ள, அடுத்த கப்பல்ல நான் பினாங்கு போறேன்."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். "என்ன மச்சான், வண்டிதான் தங்கமா ஓடுதே?" என்றேன்.

"அதனாலதான்யா போறேன். அந்த நொண்டி வண்டிய ஒன் தலையில கட்டிட்டு நான் எப்படிக் கெளம்புறது? அது நின்னு போச்சுன்னா நீயும் ஒங்க ராத்தாவும் என்ன செய்வீங்கன்னுதான் இவ்வளவு நாளும் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். இப்ப வண்டி ஓடுது. மீன் எடுக்க ஒரு ஆளப் போட்டுக்க. எனக்கு இனிமே கவலயில்ல."

காதில் விழுந்தது புத்திக்கு ஏற வெகுநேரம் ஆயிற்று. வண்டி நின்றால் அவர் போவார் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். வண்டி நொண்டியதால்தான் அவர் இருந்திருக்கிறார். ராத்தா கையில் ஆணக் கரண்டியோடு அப்படியே நின்றாள். குழம்பு பாயில் சொட்டியது, அவள் கவனிக்கவில்லை. போகாதீங்க என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கோபித்தேன், சத்தமும் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

நாகப்பட்டினத்துக்கு அவரை அந்த லாரியில்தான் கொண்டுபோனேன். கப்பல் ஏற்றிவிட்டுத் தனியாகத் திரும்பினேன். வழியெல்லாம் எஞ்சின் ஒரு தடவைகூட விக்கவில்லை. ஓரிடத்திலாவது நின்று தொலையாதா என்றிருந்தது. வீட்டுக்கு வந்தபோது ராத்தா வாசலில் நின்றாள். அழுது ஓய்ந்த முகம்.

"வண்டி எப்படிடா ஓடுச்சு?"

"நல்லா ஓடுச்சு ராத்தா."

அவள் தலையை ஆட்டினாள். "நான் ஊத்திக்கிட்டிருந்த வரைக்கும் அவரு இங்கிட்டுதானடா இருந்தாரு" என்றாள்.

சொல்லிவிட்டு எனக்குச் சோறு எடுத்து வைக்க உள்ளே போனாள். அவள் பின்னால் போக எனக்குக் கால் வரவில்லை.