கூரையிலிருந்து உருவிய வைக்கோல்

எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆண்டுதோறும் வைக்கோல் அனுப்புவது ஓர் இந்து மிராசுதார் குடும்பம். பாலன் சுரூபம் படுக்க ஒரு வண்டி வைக்கோல் எதற்கென்று யாரும் கேட்டதில்லை. மிச்சத்தைப் பங்குச் சாமியார் வீட்டு மாடு தின்றுவிடும். கூலித் தகராறு முற்றியிருந்த அந்த ஆண்டும் வண்டி வந்தது. குடில் கட்டுவது என் பொறுப்பு. பி.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்தேன். மனித அவதாரம் பற்றித் தடித்த புத்தகங்கள் படித்திருந்தேன். வேறெந்த வேலைக்கும் என்னை யாரும் நம்பவில்லை.

வண்டியைக் கண்டதும் கூலிக்காரத் தெருவின் சங்கத் தலைவர் சிலரோடு வந்துவிட்டார்.

"சாமி, இது குறுவை வைக்கோலு. எங்கள நிறுத்திட்டு வெளியூர் ஆள எறக்கி அறுத்தது. இதுல புள்ளயப் படுக்க வச்சா எங்க தெரு பூசைக்கு வராது."

"வைக்கோலுக்கு என்னப்பா தெரியும்?" என்றார் சாமியார்.

"அதுக்குத் தெரியாது சாமி. எங்களுக்குத் தெரியும்."

அந்தத் தெரு வராவிட்டால் கோயிலில் பாதி காலி. சாமியார் வண்டியைத் திருப்பி அனுப்பினார். ஊரிலிருந்த மற்ற வைக்கோல் போர்களும் அதே ஆட்கள் அறுத்தவைதான். நான் யோசனை சொன்னேன்:

"பஞ்சு வச்சா என்ன?"

"மாட்டுக் கொட்டாயில பஞ்சு மெத்த போட்டது யாரு தம்பி? உங்க காலேஜா?"

"அப்ப உங்க தெருவுலேருந்து வைக்கோல் கொண்டு வாங்களேன்."

"அறுத்தாத்தானே தம்பி வைக்கோலு?"

அதற்குமேல் என் படிப்பில் சரக்கில்லை.

தலைவரோடு வந்திருந்த ஒரு பெண் எழுந்து போனார். மழை பிடித்துக்கொண்டது. சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி, மார்போடு அணைத்த ஒரு கட்டு வைக்கோலுடன் திரும்பி வந்தார். அடுப்புப் புகை ஏறிக் கறுத்த வைக்கோல்.

"எங்கேருந்துக்கா இது?"

"கூரையில மேற்கால கொஞ்சம் உருவினேன். போன வருசம் நாங்க அறுத்தது."

"மழை பெய்யுதே!"

"நாங்க கெழக்கால ஒதுங்கிக்குவோம். புள்ள படுக்கட்டும்."

கடவுள் தம்மை வெறுமையாக்கிக்கொண்டு வந்தார் என்ற வரியைப் பல புத்தகங்களில் அடிக்கோடிட்டிருக்கிறேன். வருகை என்றால் அவர் ஒருவருடைய பாடு என்றே எண்ணியிருந்தேன். அவர் வந்து இறங்க இங்கே யாரோ ஒருவர் தம் தலைக்கு மேலிருப்பதைப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் கிறிஸ்துமஸிலும் அந்தத் தொழுவத்தை விட்டுக்கொடுத்த யாரோ இருந்திருப்பார்கள். நற்செய்தியில் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடிக்கோடிட வரி இல்லாததால் நானும் அவரைக் கவனித்ததில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ் விடியற்காலைப் பூசைக்குத் தெரு முழுக்க வந்தது. பூசை முடிந்து பாலனை முத்தமிட, எங்கள் பேச்சில் முத்தி செய்ய, வரிசை நின்றது. அந்தப் பெண்ணின் முறை வந்தபோது அவர் உடனே குனியவில்லை. ஈரப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாலனை ஒரு கையால் தூக்கி, முதுகில் குத்தும்படி துருத்தியிருந்த வைக்கோல் தாளை மடக்கிவிட்டு மறுபடி படுக்க வைத்தார். பிறகுதான் முத்தமிட்டார்.

வெளியே மழை விடவில்லை.