நாற்பத்திரண்டு பேர், மூன்று குளியலறை

என் அக்கா புள்ளியியலில் பட்டம் வாங்கியவள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தவள். வீட்டில் சம்பளம் வாங்கும் மகள் நான்தான் என்பதைத் தினமும் ஒரு தடவையாவது அவள் காதில் போடுவேன். துரத்தி வந்து அடிப்பாள். பதினெட்டாவது இன்டர்வியூவும் கைவிட்ட பிறகு அடிப்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன இடமெல்லாம் ஒரே கேள்வி: "முன் அனுபவம் இருக்கா?"

பத்தொன்பதாவது, ஒரு டயாலிசிஸ் மையம். "இதுவும் இல்லன்னா ஃபைலைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேம்மா" என்று அம்மாவிடம் சொன்னாள்.

பயோடேட்டாவைக் கடையில் பிரிண்ட் எடுத்தது நான். 'அனுபவம்' என்ற இடம் வெறிச்சென்று கிடந்தது. கை சும்மா இருக்குமா? தட்டினேன்: 'விடுதியில் நாற்பத்திரண்டு பெண்கள், மூன்று குளியலறை. அட்டவணை போட்டு மூன்று வருடம் சண்டையில்லாமல் குளிக்கவைத்தது.' பொய் இல்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கணக்கைச் சொல்லியே எங்கள் உயிரை வாங்கியிருக்கிறாள்.

பார்த்தால் சிரிப்பாள், இல்லை அடிப்பாள், எதுவானாலும் லாபம். ஒழுங்கான பிரதி ஒன்றையும் தயாராக வைத்திருந்தேன். அவளோ படிக்காமலே ஃபைலில் செருகிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். புகைதான் மிஞ்சியது.

மதியம் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அடியே, குளியலறைன்னு எழுதினது நீதானே?"

"கை தவறிடுச்சுக்கா."

"ரெண்டு வரியா கை தவறும்?"

மையத்து மேனேஜரம்மா பட்டத்தைப் புரட்டிவிட்டு அந்த வரியில் விரலை வைத்தாராம். "ஒருத்தி லேட்டா வந்தா என்ன பண்ணுவீங்க?" அக்காவுக்கு மானம் போனது, வாய் மட்டும் போகவில்லை. யார் எத்தனை நிமிடம் எடுக்கிறார்கள் என்று ஒரு மாதம் குறித்து, சராசரி பார்த்து, மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் காலியாக விட்டதைச் சொல்லியிருக்கிறாள்.

"இங்க அஞ்சு மெஷின், முப்பத்தெட்டு நோயாளி. வாசல்ல தினமும் சண்டை. திங்கட்கிழமை வந்துடுங்க" என்றாராம்.

"அப்ப எனக்கு தேங்க்ஸ் சொல்லு."

காதைப் பிடித்துத் திருகினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு கிடைத்த முதல் அடி. நன்றாகவே வலித்தது, நானும் கொஞ்ச நேரம் காதை விடுவிக்காமல் நின்றேன்.

வேலைக்குச் சேர்ந்த வாரமே எங்கள் வீட்டுக்கும் அட்டவணை தயார். நாலு பேர், ஒரு குளியலறை. எனக்குக் கடைசி இடம், ஏழு நிமிடம்.

"என்னக்கா அநியாயம் இது!"

"அஞ்சு நாளா குறிச்சு வெச்சிருக்கேன். நீ பாடறதுக்கே பதினொரு நிமிஷம்."

அந்த அட்டவணைக்கு லேமினேஷன் போட்டுக் கொடுத்ததும் நான்தான். ஓசியில்.