ஆறாவது படம்

எல்லே என்னும் ஆட்டத்தை அறியாதோருக்குச் சொல்வதானால், அது அமெரிக்கரின் பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தடியால் பந்தை விளாசிவிட்டு, நாட்டிய கம்புகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். ஓடுகிறவனை எதிரணியினர் பந்தால் எறிந்து வெளியேற்றலாம். எங்கள் ஊர்க் கழகத்தின் இலண்டன் கிளை, சென்ற மாரியில், தலைசிறந்த ஆறு வீரர்களின் படங்களை மண்டபச் சுவரில் மாட்டத் தீர்மானித்தது. தெரிவுப் பொறுப்பு மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூவரில் ஒருவர் மறுத்தாலும் படம் சுவரேறாது என்பது விதி.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே கூடினோம். கடைக்காரர், நோர்பரியிலிருந்து வந்த அன்பர், நான். பிற்பகல் முடியுமுன்பே வெளியே இருண்டுவிட்டது. ஐந்து பெயர்கள் சிரிப்போடு முடிந்தன.

"உவன் ஓடினதைவிட விழுந்ததெல்லோ கூட!" என்றார் கடைக்காரர்.

"விழுந்தாலும் கம்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் விழுந்தவன்" என்றார் நோர்பரிக்காரர்.

ஆறாவது பெயரில் விவாதமே எழாதென நான் எண்ணியிருந்தேன். அவர் இடக்கை ஆட்டக்காரர். அவர் அடிக்கும் பந்தைத் தேடுவதற்கென்றே எதிரணியினர் இருவரைப் பனங்கூடலுக்குள் நிறுத்திவைப்பார்கள். நான் அவர் பெயரைச் சொன்னதும் நோர்பரிக்காரர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவருக்கு நான் ஓமெண்டு சொல்லமாட்டன்."

"விசரே உனக்கு? அவரை விட்டால் பிறகு ஆர்?" என்றார் கடைக்காரர்.

போர்க்காலத்தில் எங்கள் ஊரில் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஆண்களை வரிசையாக இருத்தினார்கள். கண்களுக்கு மட்டும் துளையிட்ட சாக்கினால் முகம் மூடிய ஒருவனை எங்கள் முன்னால் நடத்திவந்தார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையசைத்தானோ, அவர் வாகனத்தில் ஏற்றப்பட்டார். தலையாட்டி என்று அவனைச் சொல்வோம். நோர்பரிக்காரரின் தமையன் அன்று ஏற்றப்பட்டவர், திரும்பவில்லை. இவ்வளவும் ஊரறிந்த செய்தி. நோர்பரிக்காரர் அடுத்துச் சொன்னதை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

"அந்தத் தலையாட்டி அண்ணனுக்கு முன்னாலை நிண்டு, இடப்பக்கமா ரெண்டுதரம் தலையை வெட்டி ஆட்டினவன். நான் பக்கத்திலை இருந்தனான். பந்தடிக்க முந்தி ஆர் அப்பிடி வெட்டுறது, சொல்லுங்கோ?"

சொல்லத் தேவையிருக்கவில்லை. இடக்கையரின் அந்தத் தலைவெட்டை ஆட்டத்துக்கு ஆட்டம் பார்த்துக் கைதட்டியவர்கள் நாங்கள்.

"இவ்வளவு காலமும் ஏனடாப்பா சொல்லேல்லை?" கடைக்காரரின் குரல் தாழ்ந்திருந்தது.

"நிச்சயமில்லாததைச் சொல்லி ஒரு குடும்பத்தை அழிக்கிறதோ? இப்ப சுவரிலை ஏத்தி வைக்கப் போறியள். அதாலை சொல்லுறன்."

தெரிவுக்குப் பெயர் வந்தவர்கள் தம் படத்தை அன்று தாமே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டுமென்று முன்பே அறிவித்திருந்தோம். அவ்வாறே இடக்கையரும் அப்போது வந்து சேர்ந்தார். சட்டமிட்ட படத்தை மேசைமேல் வைத்து, எல்லோருக்கும் கைகொடுத்தார். மகள் காரில் காத்திருப்பதாகச் சொன்னார்.

நோர்பரிக்காரர் மரியாதையாக எழுந்து, மூலையிலிருந்த குடையை நீட்டினார். "அண்ணை, அந்தப் பழைய அடியை ஒருக்கா நிண்டு காட்டுங்கோவன்."

"எனக்கு இப்ப வயசென்ன, தம்பி!" என்று சிரித்தபடியே அவர் குடையை வாங்கினார். கால்களை அகற்றி நின்று, அதைத் தோளுக்கு உயர்த்தினார். நாங்கள் மூவரும் எதைப் பார்க்கிறோம் என்பதை அவர் பார்த்தார். சிரிப்பு அவர் வாயில் இருந்தது, கண்களில் இல்லை. குடை காற்றைக் கிழித்துச் சுழன்றது. தலை மட்டும் ஆணியடித்தாற்போல் நின்றது.

"தலையை வெட்டுவியளே அண்ணை, அது எங்கை?"

"கழுத்து வருத்தம், தம்பி. திருப்ப ஏலாது."

அவ்வேளையில் அவருக்குப் பின்னாலிருந்த கதவு திறந்தது. "அப்பா, பார்க்கிங் டைம் முடியுது!" என்றாள் மகள். அவர் சட்டெனத் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் அவளைப் பார்த்தார். முகம் மீண்டும் எங்கள் பக்கம் திரும்பியபோது, அதில் நிறம் இருக்கவில்லை.

அவர் மேசையிலிருந்த படத்தைத் தாமே எடுத்துக் கோட்டுக்குள் செருகினார்.

"அப்பான்ர படம் ஏறுதோ, அங்கிள்?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

"இந்தமுறை அஞ்சுதான், பிள்ளை. அடுத்த வருசம் பாப்பம்" என்றேன்.

"ஓம், பிள்ளை" என்றார் நோர்பரிக்காரர், மிக மென்மையாக. "அப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. அடுத்த வருசமும் நான் இருப்பன்."

மகள் நன்றி சொல்லி வெளியேறினாள். இடக்கையர் கதவின் கைபிடியைப் பற்றியபடி, போகாமல், நெடுநேரம் நின்றார்.