அப்பா உரித்த கப்பல்கள்

வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் அப்பாவுக்கு மணல் அடிக்கிற வேலை. தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைத் தரையில் நிறுத்துவார்கள். அடியில் ஒட்டிக்கிடக்கும் சிப்பியும் துருவும் உதிரும்வரை குழாயால் மணலைப் பீய்ச்ச வேண்டும். வழவழவென்று ஆனதும் பெயின்ட் அடிக்க வேறு ஆட்கள் வருவார்கள்; அப்பா அடுத்த கப்பலுக்குப் போய்விடுவார். அந்தச் சம்பளத்தில்தான் நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன்.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது இருமலோடு திருப்பரங்குன்றத்துக்குத் திரும்பி வந்தார். மணல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது, இனிக் குணமாக வழியில்லை என்றார் டாக்டர். வேலை வாங்கியவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. மூக்கை மூட நல்லதாக ஒன்று கொடுத்திருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

வீட்டில் கிடந்த அப்பாவை ஒரே கேள்வி அரித்துக்கொண்டிருந்தது.

"சிப்பி ஒட்டுனா என்ன தாயி? கப்பல் ஓடாமயா போகும்? எதுக்கு எங்களை அந்தப் பாடு படுத்துனாய்ங்க?"

கடைசி வருட புராஜெக்டாக அதையே எடுத்தேன். மரத்தில் ஒரே அளவில் இரண்டு சிறிய கப்பல்கள். ஒன்றை இழைத்து வார்னிஷ் பூசினேன். மற்றதன் அடியில் பசை தடவி மணலை ஒட்டினேன். இரண்டையும் கயிற்றில் ஒரே எடையைத் தொங்கவிட்டு இழுத்தால், தண்ணீர் உரசி எதை எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்று தெரிந்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் அதற்குத் தோதான நீளத் தொட்டி இருந்தது. தண்ணீர்தான் இல்லை. அந்த வருடம் போர்வெல் வற்றிப்போய், குடிக்கிற தண்ணீரே லாரியில் வந்துகொண்டிருந்தது.

"ஊரே குடத்தோட நிக்கிது, ஒனக்குக் கப்பல் விடணுமாக்கும்?" என்றார் ஆய்வக உதவியாளர்.

"எங்கப்பா பாக்கணும்ண்ணே. ரொம்ப முடியாம இருக்காரு" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். மறுவாரம் அவரே லாரிக்காரரிடம் சொல்லித் தொட்டியை நிரப்பிவைத்தார்.

அப்பாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். வாசலிலிருந்து தொட்டிவரை நின்று நின்றுதான் வந்தார். அவர் வீட்டை விட்டு வெளியே வந்தது அதுதான் கடைசி. ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக விட்டேன். வார்னிஷ் பூசியது தொட்டியின் அந்தக் கோடியில் போய் முட்டியது. மணல் ஒட்டியது அப்போது ஒரு சாண் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றார் அப்பா.

நிஜக் கப்பல் மாதக்கணக்கில் கடலில் ஓடும், அம்புட்டு தூரத்துக்கு இந்த வித்தியாசத்தில் எவ்வளவோ எண்ணெய் மிச்சமாகும் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல என் பேச்சு எனக்கே பிடிக்கவில்லை. அப்பா தலையாட்டினார். ஆனால் கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்கவில்லை. மூச்சு இரைத்தது.

"இன்னொருக்கா விடு தாயி. சரியாப் பாக்கல."

விட்டேன். அப்போதும் ஒரு சாண்தான்.