இரண்டு முறை அழைத்த குரல்

2019 நவம்பர் 11: கண் பரிசோதனை, 20 கானா சிடி.
2020 ஜனவரி 6: வலக்கண் அறுவைக்கு முன்பணம், 150 சிடி.
2020 மார்ச் 24: அறுவை நாள். நடக்கவில்லை. வண்டிக்கூலி 12 சிடி.
2020 மே 16: டோட்சேயின் அடக்கம். மொய் 10 சிடி.

கானாவின் அன்லோகா ஊரில் உப்பங்கழியோரம் மீனைப் புகைபோட்டு விற்றுவந்த அக்பேனேக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடக்கண் முழுதும் போய்விட்டது. வலக்கண்ணில் வெளிச்சமும் ஆள் உருவமும் மட்டும் தெரிந்தன. அதுவும் போனால் எது மீன், எது தணல் என்று கையைச் சுட்டுக்கொண்டுதான் அறிய வேண்டும்.

காத்திருப்போர் பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயர் பக்கத்து வீட்டு டோட்சே. மார்ச்சில் அவர்தான் துணைக்குப் போனார். தொற்று பரவுகிறது, உயிர் போகிற கேஸ் மட்டும்தான் பார்ப்போம் என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். வண்டியில் டோட்சே கேலி பேசிக்கொண்டே வந்தார்.

"மறுபடி கூப்பிட்டா ஓடி வந்துடு, அக்பேனே. நீ அசந்தா உன் கட்டில்ல நான் ஏறிப் படுத்துக்குவேன்."

"படுங்கண்ணே. உங்க குறட்டையக் கேட்டு டாக்டரே ஓடிடுவாரு."

மே மாதம் டோட்சே மூச்சுத் திணறி இறந்தார். வெள்ளை அங்கிக்காரர்கள் புதைத்துவிட்டுப் போனார்கள். மேளமில்லை, அழுகையில்லை, மதுவை மண்ணில் ஊற்றி வழி சொல்லி அனுப்பவும் ஆளில்லை. அவர் இன்னும் போயிருக்க மாட்டார் என்று ஊரில் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

ஜூலை 14, உச்சிப்பொழுது. மகள் என்யோனாம் சந்தைக்குப் போயிருந்தாள். வேலிக்கு வெளியே ஒரு வெள்ளை உருவம் வந்து நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பளபளப்பு.

"அக்பேனே."

டோட்சேயின் கரகரத்த குரல். முகம் தெரியாத குரல் பெயர் சொன்னால் மூன்றாம் முறைவரை வாய் திறக்கக் கூடாது, செத்தவர்களால் இரண்டு முறைதான் கூப்பிட முடியும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

"அக்பேனே, உன் முறை வந்துடுச்சு."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் மீன்தோல் வெடித்தது. மூன்றாவது அழைப்பு வரவில்லை. உருவம் நகர்ந்து டோட்சேயின் வீட்டுப் பக்கம் போயிற்று.

மகள் வந்து தலையில் அடித்துக்கொண்டாள். அன்று ஆஸ்பத்திரி ஆட்கள் முறை வந்தவர்களைக் கூப்பிடத் தெருத்தெருவாக வந்ததைச் சந்தையிலேயே கேள்விப்பட்டிருந்தாள்; வீட்டுக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதியில்லை.

"முகமூடிக்குள்ளேருந்து பேசினா எல்லார் குரலும் அப்படித்தான்மா கேக்கும்."

அக்பேனேயும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். இன்னொரு முறை கூப்பிடச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு மறுநாளே மனு எழுதச் சொன்னாள். பதிலுக்குக் காத்திருந்தபோதே வலக்கண்ணில் ஆள் உருவமும் மறைந்தது.

பதிலை என்யோனாம் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். அழைத்தபோது தாங்கள் வரவில்லை. ஆகவே தங்கள் இடம் பட்டியலில் அடுத்தவருக்கு அளிக்கப்பட்டது. அவர் ஜூலை 15 அன்று நேரில் வந்தார். வலக்கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. தாங்கள் புதிதாகப் பதிந்து இரண்டாண்டு காத்திருக்க வேண்டும். வந்தவரின் பெயரில் அவள் குரல் நின்றுவிட்டது.

"படி," என்றாள் அக்பேனே.

"டோட்சேன்னு போட்டிருக்கும்மா."

மே மாதத்திலிருந்து பூட்டிக்கிடந்த பக்கத்து வீட்டிலிருந்து யாரோ தன்னை நன்றாகப் பார்ப்பது போல் அக்பேனேக்குத் தோன்றியது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள்.

கடிதம் வந்த நாள்: 2020 செப்டம்பர் 3, வியாழக்கிழமை.